ஒட்டகம் வாங்கக் காசு

நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஷாம் தேசத்துக்கு ஒரு மாத காலம் பிரயாணம் செய்த சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். அந்த ஹதீஸை நபி (ஸல்) அவர்களிடம் நேரே கேட்டவர் அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரழி). அவர் ஷாமில் இருந்தார். இடையில் உள்ளவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஊரிலேயே இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஜாபிர் (ரழி) விரும்பினார்கள். மேடைகளில் இதைச் சொல்பவர்கள் அன்னாரின் அறிவுத் தாகத்தைப் புகழ்வார்கள். அதே அறிவிப்பில் உள்ள ஒரு சிறு விடயத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். புறப்படுவதற்கு முன் ஜாபிர் (ரழி) ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கினார்கள்.

தாகம் இருந்தது, ஒட்டகம் வாங்கக் காசும் இருந்தது. நாம் நம் பிள்ளைகளுக்கு முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றியது.

நமது கல்லூரியில் படித்து, பல்கலைக்கழகத்தில் கடல்சார் விஞ்ஞானம் பயின்று, இப்போது ஆய்வு உதவியாளராக இருக்கும் ஒரு ராத்தாவை எனக்குத் தெரியும். வாப்பா மீன் வியாபாரி. சென்ற வருடம் ஐரோப்பிய நகரமொன்றில் நடந்த ஐந்து நாள் செயலமர்வுக்கு அவர் தெரிவானார். கடல் உயிரினங்கள் பற்றிய தரவுகளை உலகம் முழுவதும் ஒரே முறையில் பதிவது எப்படி என்பதுதான் அதன் விடயம். கடிதத்தைக் கண்டு வீடே மகிழ்ந்தது. விமானச்சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். கடைசிப் பந்தியில் மட்டும் ஒரு வரி இருந்தது: செலவுகள் யாவும் செயலமர்வு முடிந்து பற்றுச்சீட்டுகளைச் சமர்ப்பித்த பின்னரே வழங்கப்படும்.

உம்மா கையிலிருந்த காப்புகளைப் பார்த்தார். "திரும்பி வார காசுதானே மகள். கொண்டு போய் வைப்பம்" என்றார்.

"திரும்பி வர மூணு மாசம் செல்லும் உம்மா. அதுக்குள்ள தங்கச்சிட கலியாணம் வருது. வட்டிக்கு அடகு வெச்சிப் போற பயணம் எனக்கு வேணாம்" என்றார் ராத்தா.

அவர் போகவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. ஏற்பாட்டாளர்கள் பணம் தர மறுக்கவில்லை, குடும்பம் மகளைத் தடுக்கவில்லை, ராத்தாவுக்குத் தகுதி குறையவில்லை. இல்லாமல் போனது மூன்று மாதங்களுக்கு ஒரு தொகைப் பணம். அவ்வளவுதான்.

"ஒரு பெண் வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போகாததால் ஊருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, தரவு நியமம் என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும்.

நாம் அறக்குளா என்று சொல்லும் மீனைச் சென்னையில் வஞ்சிரம் என்பார்கள். சிங்களச் சகோதரர்கள் தோரா என்பார்கள். மூன்று கரைகளில் மூன்று பேர் தத்தம் குறிப்பேட்டில் எழுதினால், பார்ப்பவருக்கு மூன்று வெவ்வேறு மீன்கள். 03/04/2019 என்று ஒருவர் எழுதினால் அது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. நமது மீனவர் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார், ஆய்வாளர் மீற்றரில் எழுதுவார். எழுதிய ஒவ்வொருவரும் உண்மையைத்தான் எழுதினார்கள். ஆனால் அந்த உண்மைகளை ஒன்று சேர்க்க முடியாது. எந்த விவரத்தை எந்தப் பெயருள்ள நிரலில், எந்த அளவில், எந்த ஒழுங்கில் எழுத வேண்டும் என்ற பொது உடன்பாடுதான் தரவு நியமம்.

இதன் அருமை திருகோணமலையில் பிறந்த நமக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 1996 இல் இலங்கையின் கடிகாரம் மாற்றப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. ஆகவே 2004 டிசம்பர் 26 காலையில் கொட்டியாரக் குடாவின் ஒரு பக்கத்தில் கடிகாரம் ஒன்பது மணி காட்டியபோது இன்னொரு பக்கத்தில் எட்டரை மணி. சுனாமி அலையை ஒரே நேரத்தில் கண்ட இருவர் எழுதி வைத்திருந்தால், அரை மணித்தியால வித்தியாசத்தில் இரண்டு அலைகள் வந்ததாக நாளை ஒருவர் நினைக்கக்கூடும். எந்த நேர வலயத்தில் எழுதப்பட்டது என்ற ஒரு சிறு குறிப்பு இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. அந்தக் குறிப்பைக் கட்டாயமாக்குவதுதான் நியமத்தின் வேலை.

இது நமக்குப் புதிய அறிவும் அல்ல. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று ஒவ்வொரு ஹதீஸுக்கும் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரைத் தேடிப் பதிந்தவர்கள் நமது முன்னோர். தரவைப் பற்றிய தரவு என்று இன்று விஞ்ஞானிகள் சொல்வது அதைத்தான். சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள் என்ற வாசகத்தைப் பரிசளிப்பு விழா தவறாமல் கேட்கிறோம். ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் அதன் தொடரைப் பலவீனமானது என்று தள்ளியிருக்கிறார்கள். கருத்து அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை. ஆதாரம் கேட்டார்கள். அந்த மரபில் வந்த பெண்பிள்ளைகளுக்குத் தரவு நியமம் அந்நியமான துறையாக இருக்க முடியாது.

சரி, இந்த நியமங்களை யார் தீர்மானிக்கிறார்கள்?

1853 ஆம் ஆண்டு பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் ஒரு மாநாடு கூடியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மத்தியூ மோரி அதன் பின்னணியில் இருந்தார். காற்று, நீரோட்டம், வெப்பநிலை ஆகியவற்றைக் கப்பல் குறிப்பேட்டில் எந்த ஒழுங்கில் எழுத வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். பத்து நாடுகள் கலந்துகொண்டன. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், மற்றது அமெரிக்கா. அக்காலத்தில் நமது துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. அதன் கப்பல்கள் இந்தக் கடலில்தான் ஓடின, இங்கே வீசும் வாடையையும் கச்சானையும்தான் அளந்தன. ஆனால் வாடையும் கச்சானும் எப்போது மாறும் என்று அறிந்த நமது மண்ணின் மாலுமி ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அன்று அடிமை நாடு, அழைப்பு வரவில்லை. இன்று அழைப்பு வருகிறது. நாம்தான் போவதில்லை.

அறையில் யார் இருக்கிறார்கள் என்பதால் முடிவு மாறும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2014 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு செயலமர்வு நடந்தது. அதிலிருந்து பிறந்தவைதான் 2016 இல் வெளியாகி இன்று உலகெங்கும் பேசப்படும் 'ஃபெயார்' கோட்பாடுகள். தரவு தேடிக் கண்டெடுக்கக்கூடியதாக, அணுகக்கூடியதாக, மற்றத் தரவுகளோடு இணையக்கூடியதாக, மீண்டும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். நல்ல கோட்பாடுகள்தாம். 2018 நவம்பரில் ஆபிரிக்காவின் பொட்ஸ்வானா நாட்டில், கபொரோனி நகரில் வேறொரு செயலமர்வு நடந்தது. பூர்வீகக் குடிகளின் தரவு உரிமை பற்றிப் பேசுவோர் அங்கே கூடினார்கள். அவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். இந்தத் தரவு யாருடைய நிலத்திலிருந்து, யாருடைய கடலிலிருந்து எடுக்கப்பட்டது? அதனால் அவர்களுக்கு என்ன நன்மை? அதன் மீது அவர்களுக்கு என்ன அதிகாரம்? அங்கே உருவாகி 2019 இல் வெளிவந்தவை 'கெயார்' கோட்பாடுகள். கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, ஒழுக்கம் என்பன அவற்றின் நான்கு தூண்கள்.

லைடனில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. அந்தக் கேள்வி அவர்களுடைய வாழ்க்கையில் எழவில்லை. கபொரோனிக்குப் போனவர்களின் வாழ்க்கையில் எழுந்தது. யாரோ அவர்களுக்குப் பிரயாணச்சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த நான்கு தூண்களும் இல்லை.

உயிரினங்கள் பற்றிய தரவுக்கு இன்று உலகம் பயன்படுத்துவது 'டார்வின் கோர்' எனும் நியமம். 1985 இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட 'டி.டி.டபிள்யூ.ஜி' என்ற அமைப்பு அதை 2009 இல் அங்கீகரித்தது. பொது மக்கள் வழங்கும் பெயருக்கென்று அதில் ஒரு நிரல் இருக்கிறது. அறக்குளாவை அங்கே தமிழில் எழுதலாம். கோடிக்கணக்கான பதிவுகள் கொண்ட 'ஜிபிஃப்' என்ற உலகத் தரவுத்தளமும், கடல் உயிரினங்களுக்கான 'ஓபிஸ்' தளமும் இந்த நியமத்தில்தான் இயங்குகின்றன. நியமம் கல்லில் செதுக்கியதல்ல. வருடாந்தக் கூட்டங்களில் அது விவாதிக்கப்படுகிறது, திருத்தப்படுகிறது, புதிய சொற்கள் சேர்க்கப்படுகின்றன. 2015 இல் நைரோபி, 2019 இல் லைடன், 2022 இல் சோபியா, 2023 இல் ஹோபார்ட், 2024 இல் ஒகினாவா. இந்த ஊர்களின் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கிண்ணியாவிலிருந்து எதற்கும் பஸ்ஸில் போக முடியாது.

"இணைய வழியில் கலந்துகொள்ளலாமே" என்று சொல்வோர் உண்டு. கொரோனா காலத்தில் 2020, 2021 கூட்டங்கள் முழுவதும் இணையத்தில்தான் நடந்தன. உண்மையில் அது பெரிய வாய்ப்பு. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோவோடு சேர்ந்தியங்கும் 'ஓஷன் டீச்சர்' கல்வியகம் கடல் தரவு பற்றி இணைய வழிப் பாடங்களை நடத்துகிறது. அந்தப் பாடங்களில் ஒன்றைக்கூடத் தொடாதவர் விமானச்சீட்டுக்கு உதவி கேட்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் பாடம் கேட்பது வேறு, முடிவெடுப்பது வேறு. திரையில் முகம் தெரிபவரிடம் யாரும் தேநீர் இடைவேளையில் வந்து, "உங்கள் கடலில் இதை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்பதில்லை. நமது வீட்டுக் கலியாணப் பேச்சுகூடத் தொலைபேசியில் தொடங்கினாலும் முற்றத்தில் உட்கார்ந்துதானே முடிகிறது.

"பசியோடு பாடசாலை வரும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் விமானச்சீட்டு ஓர் ஆடம்பரம்" என்பது இன்னொரு வாதம். இதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியதை நமது அடுப்படிகள் மறக்கவில்லை. ஆனால் 2004 இல் இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கைக் கட்டமைப்பு இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. பசிபிக் சமுத்திரத்துக்கு அது பல பத்தாண்டுகளாக இருந்தது. சுமாத்திராவில் பூமி நடுங்கி நமது கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம் என்பது ஓடித் தப்பப் போதுமான நேரம். செய்தி வரவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் மையித்துகளை அடக்கியவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கடல்மட்டத் தரவு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நிமிடங்களில் போவதற்கு, அளவுகோல் மட்டும் போதாது. இரண்டு நாடும் ஒரே ஒழுங்கில் எழுதவும் வேண்டும். பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுப்பது கடமை. அந்தப் பிள்ளை வாழும் கரையைக் காக்கும் அறிவைத் தேடுவதும் கடமை. இரண்டுக்கும் ஒரே உண்டியலில்தான் கை வைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பெண்பிள்ளைகள் தனியே பிரயாணம் செய்வது பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. பேசாமல் இருப்பதால்தான் பல விண்ணப்பங்கள் எழுதப்படாமலே போகின்றன. மஹ்ரமின் துணை பற்றி உலமாக்களிடையே விரிவான விளக்கங்கள் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. குடும்பங்கள் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். நான் சொல்வது கணக்கைப் பற்றி மட்டுமே. வாப்பாவோ நானாவோ கூடப் போக வேண்டும் என்றால் அந்தச் செலவும் பிரயாணச் செலவுதான். அதை வெட்கத்தோடு மறைக்காமல் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்குக் குழந்தை பராமரிப்புச் செலவு தரும் மாநாடுகள் இருக்கும்போது, இதைக் கேட்பது வினோதமல்ல. பதினாறு வயதில் தம்மை ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்ற தாயோடுதான் இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நீண்ட அறிவுப் பயணம் தொடங்கியது. துணையோடு போன பயணம் சிறிய பயணமாகிவிடவில்லை.

உலகில் பணமே இல்லை என்பதல்ல பிரச்சினை. ஓஷன் டீச்சருக்குப் பின்னால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் அரசு நிற்கிறது. ஆசிய நாடுகளின் உயிர்ப் பல்வகைமைத் தரவுக்கென ஜப்பான் சுற்றாடல் அமைச்சின் உதவியோடு ஒரு நிதியம் இயங்குகிறது. பக்கத்தில் ஹைதராபாத்திலேயே கடலியல் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஆனால் உதவித்தொகைக்கும் நமது வீட்டு வாசலுக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. பணம் பின்னர் வரும். சீட்டு முன்னர் வாங்க வேண்டும். விசாவுக்காக இரண்டு தடவை கொழும்புக்குப் போய்வரும் செலவை யாரும் தருவதில்லை. வங்கிக் கணக்கில் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். சம்பளக்காரக் குடும்பம் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். மீன் விற்கும் குடும்பம் விழுந்துவிடும். ஆகவே நாட்டுக்கு நாடு உதவித்தொகை வந்தாலும் அது ஏற்கெனவே வசதி உள்ளவரையே பெரும்பாலும் சென்றடைகிறது.

இந்தப் பள்ளத்தை மூட நன்கொடை தேவையில்லை. கடன் போதும். வட்டியில்லாத கடன். நமது மார்க்கம் அதற்குக் கர்ழன் ஹஸனா, அழகிய கடன் என்று பெயரே வைத்திருக்கிறது.

எனது யோசனை இதுதான். நமது கல்லூரியின் பழைய மாணவிகள் சங்கம் ஒரு பிரயாணக் கடன் நிதியத்தைத் தொடங்கட்டும். முந்நூறு பழைய மாணவிகள் ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டால் மூன்று இலட்சம் ரூபா. செயலமர்வுக்குத் தெரிவான, செலவு பின்னர் தரப்படும் என்ற கடிதம் உள்ள மாணவிக்கு அது முற்பணமாகக் கொடுக்கப்படும். ஏற்பாட்டாளர்களின் பணம் வந்ததும் அது நிதியத்துக்குத் திரும்பும். பிறகு அடுத்தவர் போவார். அதே மூன்று இலட்சம் வருடத்துக்கு இரண்டு பேரை அனுப்பினால், பத்து வருடத்தில் இருபது பேர். கொடுத்தவரின் ஆயிரம் ரூபா குறையவும் இல்லை.

இதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். கடனை எழுத வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிச் சாட்சி வைக்கும் ஒழுங்கைப் பற்றியதுதான். விசா மறுக்கப்படலாம், கூட்டம் கைவிடப்படலாம். அந்த நட்டம் மாணவியின் தலையில் விழாதிருக்கத் தனியாக ஒரு சிறு ஸதகா ஒதுக்கம் வேண்டும். தெரிவு செய்பவர்கள் சொந்தக்காரரைப் பார்க்காமல் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போய்வந்தவர் மூன்று மாதத்துக்குள் இந்தக் கல்லூரி மண்டபத்தில் தமிழில் ஒரு நாள் செயலமர்வு நடத்த வேண்டும். புறாமலைத் தீவின் முருகைக்கற்களையோ, கொட்டியாரக் குடாவின் மீன்களையோ எடுத்துக்கொண்டு, எந்த நிரலில் எதை எழுதுவது என்று உயர்தர மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்தால் ஒரு சீட்டில் நாற்பது பேர் பயணம் செய்தது போலாகும். செய்யாவிட்டால் அது வெறும் சுற்றுலா.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னர் தருகிறோம் என்ற வரியை எழுதும்போது, அதை வாசிப்பவரின் கையில் இருப்பது வங்கி அட்டையா, உம்மாவின் காப்பா என்று ஒரு நொடி யோசியுங்கள். சீட்டை நீங்களே வாங்கி அனுப்பினால் உங்களுக்குச் செலவு கூடாது. அறையில் ஓர் ஆள் கூடுவார். எல்லோருக்குமான நியமம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஆள் தேவை.

அந்த ராத்தா மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. தங்கச்சியின் கலியாணம் முடிந்துவிட்டது; உம்மாவின் காப்புகள் இப்போது தங்கச்சியின் கையில். ஆகவே இம்முறை கடிதம் வந்தால் அடகு வைக்கவும் ஒன்றுமில்லை. நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. இவ்வருடப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலின் நிகழ்ச்சி நிரலில், பகல் சாப்பாட்டுக்கு முன், இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடிதம் வருவதற்கு முன்னரே ஒட்டகம் வாசலில் நிற்கட்டும், இன்ஷா அல்லாஹ்.